நிறுத்துகிற கை

தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். மைதானத்தின் மூலைக்கு மூலை குழாய்கள் தலையைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. கோவில்பட்டியில் குடிக்கிற தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறோம், இந்தப் பச்சைப் பிளாஸ்டிக் கம்பளத்துக்கு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் குளியல். குளிக்கட்டும். நனைந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இப்படிப்பட்ட தரையில் ஒரு பந்து துள்ளினால் தரையை யாரும் குறை சொல்ல முடியாது, நிறுத்துகிறவளைத்தான் சொல்வார்கள், எனக்கு இன்றைக்கு வேண்டியது அதுதான். ஐயலுசாமி மகள் ரேணுகா என் கண் முன்னால் பந்தைக் கோட்டைவிட வேண்டும். என் கண் முன்னால் மட்டும் போதாது, அதோ குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார்களே மெட்ராஸிலிருந்து வந்த செலக்டர்கள் இரண்டு பேர், அவர்கள் முன்னாலும் விட வேண்டும். மாநிலப் பெண்கள் ஹாக்கி அணிக்கு இன்று ஆள் எடுக்கிறார்கள். நான் கோச். ஆனாலும் நான் ஒருவன் சொல்லி அவளைத் தள்ள முடியாது, ஏனென்றால் அவள் நன்றாக ஆடுகிறாள். நேற்று அந்த இரண்டு பேரும் அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ஆட்டட்டும், இன்னும் அரை மணி நேரம் ஆட்டட்டும். எனக்கு நடந்தது எப்படி நாலு பேர் முன்னால் நடந்ததோ, அப்படியே அவன் மகளுக்கும் நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும். அரைகுறையாகச் செய்தால் பழி தீர்ந்ததாக ஆகாது.

இன்பராஜ் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறான். பேரன் எடுத்துவிட்டான், இன்னும் அந்தத் தொப்பையில்லாத வயிறு. போன வருஷம் மெட்ராஸ் உத்தியோகத்தில் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குக் கூடமாட இருக்கிறான், பிள்ளைகள் அவனையும் சார் என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதன். இந்த வேலையை வேறு யாரிடம் சொல்ல முடியும்? காலையில் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். “மாப்ள, இன்னைக்கு ஷார்ட் கார்னர் டிரயலுக்கு நீ தள்ளு. ஐயலு மக நிக்கும்போது மட்டும் பந்து லேசாத் துள்ளணும்.” சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் என்று கேட்பான், வேண்டாம்டா சின்னப் பிள்ளைடா என்று சொல்வான், அதற்குப் பதில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எவ்வளவு துள்ளணும்?” என்றான். நான் முழித்தேன். “ஒரு விரக்கடை போதும், என்ன? அதுக்கு மேல போனா வெளிய இருக்கவனுக்குத் தெரிஞ்சிரும். ஒரு விரக்கடைன்னா அவளுக்கே தெரியாது. தன் கைதான் சரியில்லன்னு நினைச்சுக்கிடுவா.” சிநேகிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும். கேள்வி கேட்காமல் அளவு கேட்டான். அளவு. எவ்வளவு துள்ளணும். தையல்காரன் கேட்கிற மாதிரி. சரி, அவன் எதைச் செய்தாலும் நறுக்காகச் செய்கிற ஆள்.

அன்றைக்கு எங்களுக்கு இந்தக் கம்பளம் எல்லாம் கிடையாது. பள்ளிக்கூட மைதானம், செம்மண்ணும் சரளைக் கல்லும். ஷார்ட் கார்னர் கிடைத்தால் ஊரே எழுந்து நிற்கும், ஏனென்றால் அடிக்கப்போவது நான். தெய்வேந்திரன். இந்த ஜில்லாவில் என் அடியைக் காலில் வாங்காத கோல்கீப்பர் கிடையாது. ஆனால் ஷார்ட் கார்னர் ஒருத்தன் வேலை இல்லை. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ள வேண்டும், இன்னொருவன் கோலுக்கு முன்னால் போட்ட டி வளைவின் உச்சியில் முட்டி போட்டு அதை நிறுத்த வேண்டும், மூன்றாமவன் நின்ற பந்தை அடிக்க வேண்டும். இப்போது ஸ்டிக்கைப் படுக்கப் போட்டு நிறுத்துகிறார்கள், அப்போது உள்ளங்கையால் நிறுத்தலாம். இன்பராஜ் தள்ளுவான், ஐயலுசாமி நிறுத்துவான், நான் அடிப்பேன். அடிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு, தள்ளுகிறவனைப் பார்க்கக் கூடாது. பந்து வருகிற வழியையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவசரப்பட்டு ஸ்டிக்கை இறக்கிவிடுவோம். நிறுத்துகிற கையை மட்டும் பார்க்க வேண்டும். கை படிந்ததும் அடி. வருஷக்கணக்காக நான் ஐயலுசாமியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பெண்டாட்டி கையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆபீஸ் டீமுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுக்க வந்திருந்தார்கள். ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், என் அம்மா அதற்குள் தெருவில் இரண்டு வீட்டில் சொல்லிவிட்டாள். விடிகாலையில் போய் நானே கோல் கோட்டிலிருந்து டி உச்சி வரை கல் பொறுக்கி, பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்தேன். துள்ள வழியே இல்லை. முதல் பந்து. ஐயலுசாமி கை படிந்தது, நான் இறக்கினேன், பந்து கைக்கு அடியில் நிற்காமல் உருண்டிருந்தது, என் ஸ்டிக் நுனியில் பட்டு எங்கேயோ போயிற்று. இரண்டாவதும் அப்படியே. வந்தவர்களில் ஒருவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது பந்துக்கு நான் சட்டத்தை மீறினேன். கையைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி வந்தது அந்தப் பந்து, துள்ளல் இல்லை, நெளிசல் இல்லை. வந்து, ஐயலுசாமியின் விரல்களுக்கு நடுவில் புகுந்து போயே போய்விட்டது. அவன் எழுந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையில் என்னவோ ஒட்டியிருக்கிற மாதிரி. அந்த நடிப்பை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

நடிப்பு என்று நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் ரயில்வே கேட் பக்கம் நான் குந்தியிருந்தபோது இன்பராஜ் வந்து தோளில் கை போட்டான். “மாப்ள, சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சேன். அவன் வேணும்னே விட்டாம்ல. எனக்கு நேர் எதுத்தாப்ல அவன் கை. நான் பாத்தேன்.” நான் பாத்தேன் என்றான். தள்ளுகிறவன் ஒருவன்தான் நிறுத்துகிற கையை எதிரே இருந்து பார்க்கிறவன், நான் பின்னால் நிற்கிறேன், எனக்குத் தெரிவது புறங்கைதான். காரணமும் இருந்தது. அதற்கு முந்தின மாதம் சாத்தூர் டோர்னமெண்டில் ஒரு பந்தை விட்டதற்கு ஐயலுசாமியை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தேன். அறைக்குப் பதில் அறை கொடுத்திருந்தால் அவன் ஆம்பளை. இப்படிக் கையாலேயே கழுத்தை அறுத்தானே. மெட்ராஸ்காரர்கள் என்னை விட்டுவிட்டு இன்பராஜை எடுத்தார்கள். அவன் ரயில் ஏறும்போது அழுதான், “ஒன் எடம்டா இது” என்றான், நானும் அழுதேன். பிறகு நான் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி ஆனேன், சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், அப்படியே ஜில்லா கோச் ஆகி, தலை நரைத்து, என் கையில் வளர்ந்த பையன்கள் ரயில்வேயிலும் பட்டாளத்திலும் ஆடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் வேலை கிடைத்து ஸ்வீட்டோடு வந்து காலில் விழும்போது எனக்கு வாயில் கசப்புத்தான் வந்தது. ஐயலுசாமியை நான் சும்மா விடவில்லை. ‘சல்லடை’ என்று பேர் வைத்தேன். எதைப் போட்டாலும் ஒழுகிவிடும். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, அவன் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவன்கூட மைக்கில் சல்லடை என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் அதற்குப் பிறகு ஸ்டிக்கைத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை போட்டான். ஒரு தடவை, அம்பயராக இருக்கிறேனே தெய்வு, எனக்கு ஆட்டத்துப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று கேட்டு வந்தான். “பந்தையே நிறுத்தத் தெரியாதவன் ஆட்டத்த எப்படிடா நிறுத்துவ?” என்றேன். பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

குழாய்களை நிறுத்திவிட்டார்கள். கம்பளம் மினுங்குகிறது. ரேணுகா வருகிறாள், ஸ்டிக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளவுசை மாட்டியபடி. காலம் போன காலத்தில் அவனுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அப்பன் ஜாடை அப்படியே, அந்த நீண்ட விரல்கள். வேறு எந்த இடத்திலாவது ஆடித் தொலைத்திருக்கக் கூடாதா, பந்து நிறுத்துகிறேன் என்று வந்து நின்றாளே. மூன்று வருஷம் அவளை வெளியே உட்காரவைத்தேன், தண்ணீர் பாட்டில் தூக்கவைத்தேன், சலிக்கவில்லை. அவள் நிறுத்தினால் பந்து செத்துப்போய்க் கிடக்கும், சத்தமே இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன், அன்றைக்கு இப்படி ஒரு பந்து, ஒரே ஒரு பந்து எனக்குக் கிடைத்திருந்தால்! அப்பன் மறைத்து வைத்ததை மகள் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் ஆட்டம் காட்டுகிறாள். “குட் மார்னிங் சார்.” “உங்கப்பன் வரலியா?” “இல்ல சார். கடைய அடைக்க முடியாதுன்னுட்டாங்க. அவங்க கிரவுண்டுக்கு வர மாட்டாங்களே சார்.” எப்படி வருவான். “எனக்கு யார் சார் தள்ளுறாங்க?” “இன்பராஜ் சார்.” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணாச்சியா! அப்பா சொல்லியிருக்காங்க சார். அவர் தள்ளினா கண்ண மூடிக்கிட்டு நிறுத்தலாமாம். நாந்தான் அன்னைக்குக் கை பதறி எல்லாரு வாழ்க்கையவும் கெடுத்துட்டேன்னு சொல்லுவாங்க.” கை பதறியதாம். வீட்டுக்குள்ளேயும் நடிப்பு. பெற்ற பிள்ளையிடம்கூட உண்மையைச் சொல்லாமல் என்ன மனுஷன் இவன். “போ, போய் நில்லு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முதலில் தஞ்சாவூர்ப் பிள்ளை ஒருத்தி நிறுத்துகிறாள். இன்பராஜ் தள்ளுகிறான், அஞ்சும் நேர், நாலை நிறுத்தினாள். கெட்டிக்காரிதான், அவளே போதும். நான் டி-க்குப் பக்கவாட்டில் நிற்கிறேன், கோச் நிற்கிற இடம். இங்கிருந்து தள்ளுகிறவன், நிறுத்துகிறவள், அடிக்கிறவள் மூன்று பேரும் தெரிவார்கள். ரேணுகா குனிந்து ஸ்டிக்கைப் படுக்க வைக்கிறாள். செலக்டர் ஒருவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்கிறார். பார் ஐயா, நன்றாகப் பார். இன்பராஜ் இடது காலை முன்னால் வைத்து, தாழ்ந்து, பந்துக்குப் பின்னால் ஸ்டிக்கை வைக்கிறான். வந்துவிட்டது. இத்தனை வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து வாடையில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்த நிமிஷம், படுக்கையில் புரண்டு புரண்டு நினைத்துப் பார்த்த நிமிஷம். தள்ளினான். தோள் அசையவில்லை. கால் அசையவில்லை. கடைசியில், பந்து ஸ்டிக்கை விட்டுப் போகிற அந்த இடத்தில், மணிக்கட்டை மட்டும் ஒரு திருகு, கதவுக் குமிழைத் திருகுகிற மாதிரி. அவ்வளவுதான். பந்து பாதி தூரம் தரையோடு போய் அவளுக்கு முன்னால் மட்டும் ஒரு விரக்கடை எழும்பியது. ஸ்டிக் மேல் பட்டு உருண்டது. அடிக்கிற பிள்ளை அடித்தாள், பந்து நுனியில் பட்டு எங்கேயோ போயிற்று. ஒருவர் சிரித்தார். ரேணுகா எழுந்து ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிளவுசைக் கழற்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எவ்வளவு சுத்தமாகச் செய்தான். எவ்வளவு. இந்தப் பிள்ளை நடிக்கவில்லையே. இவளுக்கு ஒன்றும் தெரியாதே, இவள் எதற்கு நடிக்க வேண்டும், பின் ஏன் அப்பன் பார்த்த மாதிரியே பார்க்கிறாள். ஜாடை. ஜாடையாக இருக்கும். அப்பன் கையை மகள் வாங்கி வந்திருக்கிறாள், பார்க்கிற விதத்தையும் வாங்கியிருப்பாள். இந்தத் திருகலை ஒருவன் எங்கே படிப்பான்? நான் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஸ்டிக் பிடிக்கிறேன், எனக்கு வராது. காலையில் டீக்கடையில் சொன்னேன், பதினோரு மணிக்குச் செய்துவிட்டான், பழகிப் பார்க்கவில்லை, ஒரு பந்துகூட வீணாகவில்லை. மெட்ராஸில் படித்திருப்பான், பெரிய டீம், பெரிய வித்தை எல்லாம் இருக்கும். ஆமாம், மெட்ராஸில்தான். இன்பராஜ் அடுத்த பந்து எடுக்கிற சாக்கில் என் பக்கம் வருகிறான், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, உதடு அசையாமல் பேசுகிறான். “ஒண்ணு போதாது மாப்ள. ரெண்டாவதும் துள்ளணும், அப்பத்தான் வெளிய இருக்கவன் நம்புவான். மூணாவத நேராத்தான் போடணும். நேராப் போட்டாலும் விட்டுருவா, பாரு. அதுக்குள்ள கை பயந்துரும். அதோட யாருக்கும் சந்தேகம் வராது.” சொல்லிவிட்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறான்.

மூணாவத நேராத்தான் போடணும். கல் பொறுக்கிய கோட்டில், தண்ணீர் தெளித்த கோட்டில், மூன்றாவது பந்து நேராக வந்தது. நான் பார்த்தேன். அதைத்தான் நான் பார்த்தேன், அதை மட்டும்தான் பார்த்தேன். அதைப் பார்க்கட்டும் என்றுதான் நேராகப் போட்டான். முதல் இரண்டும் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது, நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடிக்கிறவன் சட்டம், அது அவனுக்குத் தெரியும். நான் பாத்தேன் என்றான் ரயில்வே கேட்டில். ஒன் எடம்டா என்று அழுதான், என் இடத்துக்கு ரயில் ஏறிக்கொண்டே. ஐயலுசாமி கன்னத்தில் என் அறை, கல்யாண மைக்கில் நான் வைத்த பேர், அம்பயராக வந்தவனிடம் நான் சொன்ன வார்த்தை, அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போனது. அவன் நம்பிவிட்டான். தன் கைதான் என்று இன்றைக்கு வரைக்கும் நம்பிக்கொண்டு பஞ்சர் ஒட்டுகிறான். அவனைக் கொன்றது நான். கொல்லச் சொல்லிக் கொடுத்தவன் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதோ நிற்கிறான், எனக்குச் செலவில்லாமல் என் பழியைத் தீர்த்துக்கொடுக்க. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் கொஞ்சம்தான், ஆத்திரம்தான் தலைக்கு ஏறுகிறது, இத்தனை வருஷம் தப்பான வாசலில் கொட்டிய ஆத்திரம் அத்தனையும் ஒரு சொட்டுக் குறையாமல் திரும்பி வருகிறது.

“நில்லு” என்றேன். அடிக்கிற பிள்ளையிடமிருந்து ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு டி உச்சிக்குப் போகிறேன். முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும். குடைக்குக் கீழே இருந்து, “என்ன கோச், நீங்களே அடிக்கப் போறீங்களா?” என்று ஒரு குரல். ரேணுகா கண்ணில் தண்ணீர். “சாரி சார். கை...” “கைக்கு ஒண்ணுமில்ல பாப்பா. ஒங் கையும் நல்ல கை, ஒங்கப்பன் கையும் நல்ல கை. கையப் பாக்காத. தள்ளுறவரப் பாரு. அவர் மணிக்கட்டப் பாரு. நானும் அதத்தான் பாக்கப் போறேன்.” இதைச் சத்தமாகவே சொன்னேன். இன்பராஜ் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம், அவ்வளவு தூரத்திலும் அவன் கண் எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதில் கேள்வி இல்லை. ஏன் என்று இப்போதும் அவன் கேட்கவில்லை. “தள்ளு மாப்ள. நேராத் தள்ளு.”

தள்ளினான். கோடு போட்ட மாதிரி வந்தது. ரேணுகா ஸ்டிக்கில் அது பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. பந்து என் முன்னால் செத்துக் கிடந்தது, அன்றைக்கு விடிகாலையில் பெருக்கி வைத்த மண்ணில் நான் கேட்ட அதே பந்து. அடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பந்து கோலுக்குப் போகவில்லை. இன்பராஜின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, பின்னால் இருந்த கம்பி வேலியில் அடித்து, வேலி அந்தக் கோடி வரைக்கும் அதிர்ந்தது. அவன் நகரவில்லை, நகர நேரமில்லை. கைக்குட்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. குடைக்குக் கீழே இரண்டு பேரும் சிரித்தார்கள். “நிறுத்துனது பிரமாதம்! கோச்சுக்குத்தான் வயசாயிருச்சு, குறி தப்பிருச்சு” என்றார் ஒருவர். எனக்குக் குறி தப்பவில்லை. நின்ற பந்து எனக்கு என்றைக்கும் தப்பியதில்லை, அது இந்த மைதானத்தில் ஒருத்தனுக்குத் தெரியும். அவன் முகம் வெளுத்திருந்தது.

“இன்னொண்ணு தள்ளு மாப்ள” என்றேன்.